தகப்பன் பெயர் தெரியாத தானியம்

ராகிக்குத் தாய் யாரென்று தெரியும். தகப்பன் யாரென்று இன்றுவரை தெரியாது.

தாய்வழிச் சொந்தத்தைப் பார்க்க அலைய வேண்டியதில்லை. பெங்களூரில் அது எங்கும் கிடக்கிறது. நடைபாதைக் கற்களின் இடுக்கில், பேருந்து நிறுத்தத்தின் பின்சுவரோரம், அஸ்திவாரம் தோண்டியதோடு வேலை நின்றுபோன மனைகளில். தாவரவியலில் அதற்கு எலூசின் இண்டிகா என்று பெயர். தரையோடு ஒட்டி வட்டமாகப் படரும் புல். அடித்தண்டு தட்டையாக, வெளுத்து இருக்கும். உச்சியில் நாலைந்து மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியிலிருந்து விரியும். அந்தக் கதிர்களைச் சற்றே கொழுக்க வைத்து உள்பக்கமாக மடக்கினால் ராகிக் கதிர் வந்துவிடும். ஆனேக்கல், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ராகிக் கொல்லைகளில் முளைத்த புதிதில் இதையும் பயிரையும் பிரித்துப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். இலையைப் பார்த்தால் பிடிபடாது, அடித்தண்டைப் பார்க்க வேண்டும்.

இந்தக் களைதான் தாய்வழி என்று உறுதியானது 1988இல். இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்துக்கென்று தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. உண்டு. புல் இனங்களில் அது பொதுவாகத் தாய்வழியாகவே இறங்கும், மகரந்தம் அதைக் கொண்டுவராது. கிதிர் ஹிலு என்ற தாவரவியலாளர் ராகியின் பசுங்கணிக டி.என்.ஏ.வையும் எலூசின் இண்டிகாவுடையதையும் ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. தாய் கிடைத்தாள். அதோடு கதையின் சுலபமான பாதி முடிந்தது.

மற்றப் பாதிதான் என்னை இந்தத் தானியத்தின் பக்கம் இழுத்தது. ராகி ஒரு கூட்டு. இரண்டு வெவ்வேறு புல்லினங்கள் கலந்து, இரண்டின் குரோமோசோம்களும் குறையாமல் தங்கிவிட்ட உடம்பு அது. மொத்தம் 18 ஜோடி. ஒன்பது ஜோடி ஒரு புல்லிடமிருந்து வந்தவை, ஒன்பது ஜோடி இன்னொன்றிடமிருந்து. ஆராய்ச்சியாளர்கள் அவற்றை ஏ, பி என்கிறார்கள். ஏ தாயுடையது. பி-யைத் தந்த புல்லை இதுவரை எந்த வயலிலிருந்தும் எந்த மலைச்சரிவிலிருந்தும் யாரும் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டவில்லை. ராகிக்குள்ளும் அதன் காட்டு உறவுகள் சிலவற்றுக்குள்ளும் அந்தப் புல்லின் ஆஸ்தி முழுதும் பத்திரமாக இருக்கிறது. தனியாக வெளியே ஒரு செடிகூட இல்லை.

ஹெப்பாளத்தைத் தாண்டி பல்லாரி சாலையில் போனால் ஜி.கே.வி.கே. வளாகம் வரும். வேளாண் பல்கலைக்கழகம் அங்கேதான், சிறுதானியங்களுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டத்தின் தலைமையிடமும் பல காலம் அங்கேதான் இருந்தது. அதே நிலத்தின் ஒரு பகுதியில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் நிற்கிறது. சிமிலிபால் காட்டின் கறுத்த புலிகள், துளசி, முருங்கை என்று அங்கிருந்து வந்த ஜீனோம் ஆய்வுகளுக்குப் பத்திரிகைகள் ஓரளவு இடம் கொடுத்தன. புலிக்குக் கிடைக்கும் இடம் ராகிக்குக் கிடைப்பதில்லை. எனக்கென்னவோ ராகியின் கதையில்தான் மர்மம் அதிகம் என்று படுகிறது.

2017இல் இந்த வேளாண் பல்கலைக்கழகத்தின் ஷைலஜா ஹிட்டல்மணி தலைமையிலான குழு ராகியின் ஜீனோமை முதன்முதலாக வெளியிட்டது. எம்.எல்.-365 என்ற ரகம். ஏறக்குறைய 119.6 கோடி எழுத்துகள், மொத்தத்தில் 82 சதவீதம் என்பது அவர்கள் கணிப்பு. எழுத்துகள் என்று சொல்வது டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கைத்தான். மனித ஜீனோம் சுமார் 300 கோடி எழுத்து, கோதுமையுடையது சுமார் 1,600 கோடி. நீளத்துக்கும் மேன்மைக்கும் சம்பந்தமில்லை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

எப்படி வாசிக்கிறார்கள்? இளம் இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் கல்வத்தில் இட்டுப் பொடிக்கிறார்கள். உப்பும் சோப்புத்தன்மையுள்ள வேதிப்பொருளும் கலந்த கரைசல் செல்லின் சவ்வுகளைக் கரைக்கிறது. குளோரோஃபார்ம் புரதங்களைப் பிரித்து ஒதுக்குகிறது. கடைசியில் ஆல்கஹால் சேர்த்தால் தெளிந்த நீரில் வெள்ளை இழைகள் மிதந்து திரளும். கண்ணுக்குத் தெரிகிற டி.என்.ஏ. அதுதான். பின்பு அதைச் சின்னத் துண்டுகளாக உடைத்துக் கண்ணாடித் தகடு ஒன்றின் மேல் ஒட்டவைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரிழையை எழுத்தெழுத்தாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் சாயம் பூசியே வருகிறது. எழுத்து ஒன்று போய் உட்கார்ந்ததும் கேமரா படமெடுக்கும், சாயம் கழுவப்படும், அடுத்த எழுத்து வரும். லட்சோபலட்சம் புள்ளிகள் ஒரே நேரத்தில் மின்னி அணைகின்றன. இவ்வளவு செய்தும் ஒரு துண்டிலிருந்து கிடைப்பது நூறு, நூற்றைம்பது எழுத்துதான். அதற்கு மேல் போனால் தடுமாற்றம்.

துண்டுகளைக் கோத்து முழுமையாக்குவது கணினியின் வேலை. ராகி போன்ற கூட்டுப் பயிரில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே வருஷத்து வாக்கியப் பஞ்சாங்கத்தையும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் தலா ஐம்பது பிரதி வாங்கி, எல்லாவற்றையும் விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து ஒரே சாக்கில் கொட்டிக் குலுக்கிவிட்டு, இரண்டையும் தனித்தனியாக மீட்டுக் கொடு என்றால் எப்படி இருக்கும்? கிழமை ஒன்று, மாதம் ஒன்று, திருவிழாக்கள் பெரும்பாலும் ஒன்று. திதி முடியும் நாழிகையில் மட்டும் சின்ன வித்தியாசம். பத்துத் துண்டில் ஒன்பது எந்தப் பஞ்சாங்கத்தைச் சேர்ந்தது என்று சொல்லவே முடியாது. அவசரப்பட்டு ஒட்டினால் இரண்டும் கலந்த, எந்தக் கோவிலிலும் செல்லுபடியாகாத மூன்றாவது பஞ்சாங்கம் ஒன்று உருவாகும்.

ஏ-யும் பி-யும் அந்த அளவுக்கு ஒன்றுபோல இருப்பவை. தீர்வு, துண்டை நீளமாக்குவது. ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் வாசிக்கும் இயந்திரங்கள் பின்னால் வந்தன. 2018இல் சூரிச் பல்கலைக்கழகமும் இதே பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து பி.ஆர்.-202 என்ற ராகி ரகத்தைக் குட்டைத் துண்டு, நெட்டைத் துண்டு இரண்டையும் கலந்து, டி.என்.ஏ. இழையை நீட்டிப் படமெடுக்கும் முறையையும் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்தன. முதல் குழு 85,243 மரபணுக்கள் என்று சொல்லியிருந்தது. இவர்கள் கணக்கில் 62,348. இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் வித்தியாசமா என்று வாய்பிளக்க வேண்டாம். ஜீனோம் துண்டு துண்டாக இருக்கும்போது ஒரு மரபணு இரண்டு துண்டில் பாதிப் பாதியாகக் கிடந்தால் அது இரண்டாக எண்ணப்படும் வாய்ப்பு உண்டு. மரபணு எது என்று தீர்மானிக்கும் மென்பொருளும் ஆளுக்கொன்று. பத்திரிகைச் செய்திகளில் இந்த எண்களைத் திருவாக்குபோல அச்சிடுகிறார்கள். எண்ணியவர்களுக்குத் தெரியும், அது அன்றைய தேதிக்கான மதிப்பீடு என்று.

இனி தகப்பன். ஏ எது, பி எது என்று பிரிக்க எளிய வழி, எலூசின் இண்டிகாவின் டி.என்.ஏ.வைத் தனியாக வாசித்து ராகியின் மேல் வைத்துப் பார்ப்பது. நெருக்கமாகப் பொருந்துகிற ஒன்பது ஜோடியும் தாயுடையவை. மிஞ்சியவை பி. அதாவது தகப்பனை நாம் அறிந்தது கழித்தல் கணக்கில். அவனுடைய முகத்தை யாரும் பார்த்ததில்லை. தாயைக் கழித்தபின் மிஞ்சுகிற எல்லாமும் அவன்.

கழித்தலோடு நிறுத்திக்கொண்டால் சந்தேகம் தீராது என்பதால் இன்னொரு சாட்சியும் உண்டு. ஜீனோமில் பாதியளவு, திரும்பத் திரும்ப வரும் சரக்கு. இடம்விட்டு இடம் தாவித் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் துண்டுகள். மக்காச்சோளத்தில் பார்பரா மெக்கிளின்டாக் கண்டுபிடித்து, பல ஆண்டுகள் யாரும் காதுகொடுக்காமல், கடைசியில் 1983இல் நோபல் பரிசு வாங்கிய அதே தாவும் மரபணுக்கள். இரண்டு இனங்கள் தனித்தனியாக வாழ்ந்த காலத்தில் ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய தாவும் துண்டுகள் பெருகியிருக்கும். ஆகவே ஒன்பது குரோமோசோம்களில் மட்டும் பரவிக் கிடக்கிற, மற்ற ஒன்பதில் தென்படாத குப்பை ஒன்று இருந்தால், அந்த ஒன்பதும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. பயனற்றது என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட பகுதிதான் வழக்கில் முதல் சாட்சியாக நிற்கிறது.

சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட புல்லும் உண்டு. எலூசின் குடும்பம் சின்னது. பத்துக்குச் சற்று முன்பின்னாக இனங்கள், பெரும்பாலானவை கிழக்கு ஆப்பிரிக்காவில். 2001இல் பிஷ்ட், முக்காய் என்ற இருவர், ஒளிரும் டி.என்.ஏ.வை ராகியின் குரோமோசோம்கள் மேல் படியவைத்துப் பார்த்து, எலூசின் ஃப்ளோக்கிஃபோலியா என்ற ஆப்பிரிக்கப் புல்தான் பி-யைத் தந்தது என்றார்கள். சில காலம் பாடப்புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. பின்னர் தனித்தனி மரபணுக்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு வம்சமரம் வரைந்தபோது ஃப்ளோக்கிஃபோலியா அந்தக் கிளையில் உட்கார மறுத்தது. உறவுதான், தகப்பன் இல்லை. இன்று உயிரோடு இருக்கிற எந்த எலூசினும் பொருந்தவில்லை என்பதால் அந்த இனம் அழிந்திருக்க வேண்டும் என்பதே பலருடைய முடிவு.

எப்போது நடந்தது இந்தக் கலப்பு? 2023இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கத்ரியன் டெவோஸ் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு, பதினெட்டுக் குரோமோசோம்களையும் முனையிலிருந்து முனைவரை அடுக்கி வெளியிட்டது. அவர்கள் சொல்லும் காலம் சுமார் 13 லட்சம் ஆண்டு. ஹோமோ சேப்பியன்ஸ் என்று ஒரு பிராணி தலைகாட்டுவதற்கு வெகு முன்னால். இந்த மாதிரிக் காலக்கணக்கெல்லாம் எழுத்து வேறுபாடுகளை எண்ணி, ஆண்டுக்கு இத்தனை மாறும் என்ற வேகத்தால் வகுத்து வருவது. அந்த வேகத்தை வேறு புற்களிடமிருந்தும் புதைபடிவங்களிடமிருந்தும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. கடிகாரம் இரவல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மணி பார்ப்பது நல்லது. ஆனால் அதே ஆய்வில் இரவல் கடிகாரம் தேவைப்படாத ஒரு முடிவும் இருக்கிறது. இப்படிக் கலந்த பயிர்கள் பலவற்றில் நாளடைவில் ஒரு தரப்பு ஓங்கும், மறு தரப்பின் மரபணுக்கள் வாயடைத்துப்போகும், உதிரும். மக்காச்சோளத்தில் அப்படித்தான் ஆயிற்று. ராகியில் அது நடக்கவில்லை. இரண்டு தரப்பின் மரபணுக்களும் பெருமளவு மிஞ்சியிருக்கின்றன, எதுவும் எதையும் அமுக்கவில்லை. அழிந்துபோன புல் வீட்டுக்குள் சரிபாதி அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

இங்கே தாயைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நடைபாதை இடுக்கில் முளைக்கும் களையைத் தாய் என்பது பேச்சு வசதிக்காக. 13 லட்சம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் புல் இன்று இல்லை. அதன் ஒரு வழி ராகிக்குள் வந்தது, இன்னொரு வழி களையாகவே இருந்து, மாறி, இன்றைய எலூசின் இண்டிகா ஆனது. இருவரும் ஒன்றுவிட்ட சகோதரிகள். மாற்றம் இப்போதும் நடக்கிறது, அதுவும் கண்ணெதிரே. 1997இல் மலேசியாவில், கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிக்குச் சாகாத எலூசின் இண்டிகா பதிவானது. பின்னால் அதன் மரபணுவை வாசித்தபோது, அந்த மருந்து குறிவைக்கும் நொதியில் இரண்டே இடங்களில் மாற்றம் நிகழ்ந்து அதைக் காப்பாற்றுகிற செடிகளும் அங்கே அகப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் தோட்டங்களில் களை வெட்டியும் மருந்தடித்தும் வாழ்ந்த நாடு அது. பரிணாமம் என்றால் புதைபடிவம் என்று நினைக்கிறவர்கள் அந்தத் தோட்டங்களை எண்ணிப் பார்க்கலாம்.

கழித்தல் கணக்கால் காணாமல் போனவர்களைக் கண்டறிவது மனிதர்களிடத்திலும் நடந்திருக்கிறது, நமக்கு நெருக்கமாகவே. 2009இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங், அமெரிக்காவின் டேவிட் ரைக் ஆகியோர் இந்தியக் குழுக்கள் பலவற்றின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, நாம் எல்லோருமே பெருமளவுக்கு இரண்டு தொல்மக்களின் வெவ்வேறு விகிதக் கலப்பு என்றார்கள். அவர்களில் ஆதித் தென்னிந்தியர் என்று குறிப்பிட்ட மக்கள் கலக்காத வடிவில் இன்று எங்கும் இல்லை. அந்தமானின் ஓங்கே மக்கள் தூரத்து உறவு, அவ்வளவே. பி-யின் கதையேதான். ஆனால் அந்த ஆய்வுக்கும் அதற்குப்பின் வந்த, ஹரியானாவின் ராகிகடி என்ற சிந்துவெளித் தளத்து எலும்பு ஆய்வுக்கும் நம் பத்திரிகைகளில் செலவான மை கொஞ்சமில்லை. ஆளாளுக்குத் தமக்கு வேண்டிய மூதாதையரை அதில் தேடி எடுத்துக்கொண்டார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆய்வு மையம் ஒருங்கிணைத்த ஜீனோம்இந்தியா திட்டம் 2020இல் தொடங்கிப் பத்தாயிரம் பேரின் ஜீனோமை வாசித்திருக்கிறது. நோய்க்கான மரபணுவைத் தேடத்தான் அந்தத் தரவு. அதையும் யாராவது பூர்வீகப் பத்திரமாக நீட்டுவார்கள் என்றே நினைக்கிறேன். கலப்பைக் கணக்கிட உருவான ஒரு கருவியிடம் கலப்பில்லாத ஒருவனைக் காட்டு என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்குவதில்லை.

ராகி நம் ஊர்த் தானியம் என்ற பேச்சும் இதில் சேர்த்திதான். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டு, பிறகு கடல்கடந்து இங்கே வந்தது. தக்காணத்துத் தொல்லியல் தளங்களில் ராகி என்று எழுதிவைக்கப்பட்டிருந்த கருகிய மணிகள் பலவற்றைத் தொல்தாவரவியலாளர் டோரியன் ஃபுல்லர் மறுபடி எடுத்துப் பார்த்தார், வேறு சிறுதானியங்களின் மணிகளாக இருந்தன. வந்து சேர்ந்தது கொஞ்சம் விதை. அதன் பரம்பரைதான் மாண்டியாவின் முத்தேயும் தர்மபுரியின் களியும். டெவோஸ் குழுவின் ஆய்வில், ராகி ரகங்களுக்குள் இருக்கும் முக்கிய வேறுபாடு குரோமோசோம்களின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கும் பெரிய காட்டுத் துண்டுகளால் வருவது. காட்டு ராகியின் வீடு ஆப்பிரிக்கா. பயிர் வயலின் ஓரத்தில் அது அங்கே இன்றும் முளைக்கிறது, கலக்கிறது. கடல் தாண்டி வந்த ராகிக்கு அந்தக் கலப்பு எட்டாமல் போயிற்று.

ஜீனோம் இதைச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே மாண்டியா வி.சி. ஃபார்மில் ஒருவர் இதற்கான காரியத்தில் இறங்கியிருந்தார். சி.எச். லட்சுமணய்யா, கர்நாடகத்தில் ராகி லட்சுமணய்யா. ஆப்பிரிக்க ராகியையும் இந்திய ராகியையும் ஒட்டி அவர் கொண்டுவந்த வரிசைக்கு இண்டாஃப் என்று பெயர். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒரே சொல்லில். கர்நாடகத்து ராகி விளைச்சல் உயர்ந்ததில் அந்த ரகங்களுக்குப் பெரிய பங்கு. 1993இல் அவர் இறந்தபோது எந்தப் பயிரின் ஜீனோமும் முழுதாக வாசிக்கப்பட்டிருக்கவில்லை.

ராகியை ஒட்டுவது லேசான காரியமில்லை. பூ மிகச் சின்னது. விடியுமுன்னே திறந்து, தன் மகரந்தத்தையே தான் வாங்கிக்கொண்டு மூடிவிடும். அதற்கு ஒரு வழி கண்டவர் கோயம்புத்தூர் சிறுதானிய ஆராய்ச்சி நிலையத்தின் ஜி.என். ரங்கசாமி அய்யங்கார், 1930களில். இரண்டு ரகங்களின் கதிர்களைப் பூக்கும் சமயத்தில் சேர்த்துக் கட்டிவிடுவது. உரசலில் சில பூக்களாவது அயல் மகரந்தம் வாங்கும். ஆனால் விளைந்த ஆயிரம் மணிகளில் எது கலப்பு, எது சொந்த மகரந்தத்தில் பிறந்தது என்று எப்படித் தெரியும்? அய்யங்கார் அதே காலத்தில் ராகியின் ஊதா நிறம் சந்ததியில் எப்படி இறங்குகிறது என்றும் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊதா ஓங்குவது, பச்சை பணிவது. பச்சைச் செடியைத் தாயாகவும் ஊதாச் செடியைத் தகப்பனாகவும் வைத்துக் கட்டினால் போதும். பச்சைத் தாயின் மணிகளை விதைத்து, ஊதா ஓடிய நாற்றுகளை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதைப் பிடுங்கிப் போடலாம். நிறமே தகப்பன் யாரென்று காட்டிக்கொடுக்கும்.

2023 ஆய்வு அடையாளம் கண்ட மரபணுக்கள் அந்த ஊதாவுக்கானவை. சூல்முடியிலும் மகரந்தப்பையிலும் நிறம் தரும் மரபணு பழுதானதால்தான் சில ரகங்கள் பச்சை ஆகியிருக்கின்றன. மணியின் நிறத்தை அந்தப் பழுது தொடவில்லை. அய்யங்கார் நாற்றங்காலில் நின்று கண்ணால் எண்ணிய விகிதத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு கழித்து விலாசம் கிடைத்திருக்கிறது. விலாசம் கிடைத்தும் வேலைமுறை அதிகம் மாறவில்லை. குலைநோய் தாங்கும் அடுத்த ரகம் வேண்டுமென்றால் ஜி.கே.வி.கே. வயலில் இன்றும் யாராவது ஒருவர் இரண்டு கதிர்களைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது.